எந்த ஆறு?

இயந்திரம் பூட்டுகிற பிட்டர் நெட்டைக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது என்ற செய்தி முன்கட்டிடத்துக்கு வந்தபோது வெடுக்கி டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே இன்னொரு செய்தி வந்தது. இயந்திரத்தை ஓடவிட்டது அவளுடைய புருஷன். கோப்பையை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரியாது. வெயிலில் வெள்ளையாகக் கொதித்துக்கிடந்த முற்றத்தைத் தாண்டிக் கொட்டகைக்கு ஓடினாள்.

அது தகடு வளைக்கிற இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை. முன்கட்டிடத்தில் மேசை, கணினி, குளிர்சாதனம். பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் வேலை. கோடையில் அந்தக் கூரைக்கடியில் நிற்பவன் சட்டியில் கிடக்கும் அப்பளம்தான். வெடுக்கி முன்கட்டிடத்தில் இருந்தாள். புருஷன் கொட்டகையில், சோதனைப் பிரிவில். எது கேட்டாலும் வெடுக்கென்று பதில் சொல்கிற பெண் என்று சின்ன வயதில் அம்மா வைத்த பெயர்தான் வெடுக்கி. அதே தொழிற்சாலையில் கருவிப் பிரிவுக்குத் தலைவனாக இருக்கும் அண்ணன் வாய்வழியாக அங்கேயும் பரவிவிட்டது. காதோரம் நரைத்த பிறகும் அவள் வெடுக்கிதான்.

அவள் போய்ச் சேர்வதற்குள் நெட்டையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். யாரோ தரையில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். அது சிவந்து ஊறிக்கொண்டிருந்தது. புருஷன் தூணில் சாய்ந்து நின்றார். சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். அவருடையது இல்லை.

"ஆறுல சைபர் போட்டேன். பாத்துட்டுத்தான் போட்டேன். சைபர்னுதான் காட்டுச்சு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தூணிடம் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"எதுல போட்டீங்க?" என்று கேட்டாள் வெடுக்கி. "டிபக்கர்லயா, பெட்டியிலயா?"

"பெட்டியில. உன் டிபக்கர் கேபிளை அடுத்த கொட்டகைக்கு எடுத்துட்டுப் போயிட்டானுங்க. மேனேஜர்தான் சொன்னார், பெட்டியைப் போடுய்யா, எல்லாம் ஒண்ணுதான்னு."

அவர் போட்ட சைபர் எங்கே போய் உட்கார்ந்தது என்று அந்த இடத்தில் நின்றவர்களில் அவளுக்கு மட்டும் புரிந்தது.

விஷயம் இதுதான். அந்த இயந்திரங்களுக்கு மூளை ஒரு சிப். சிப்புக்குள்ளே எண்களைக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கச் சின்னச் சின்ன அறைகள் உண்டு. ரிஜிஸ்டர் என்பார்கள், சுருக்கமாக ஆர், கூடவே ஒரு எண். ஒன்றில் இயந்திரத்தின் கை என்ன வேகத்தில் இறங்கவேண்டும் என்ற எண் இருக்கும், அதற்கு முந்தினதில் எத்தனை தகடு வளைத்தாயிற்று என்ற எண் இருக்கும். இயந்திரம் முரண்டு பிடித்தால் சிப்பை நிறுத்திவைத்து அறைகளைத் திறந்து பார்ப்பார்கள், எண்ணை மாற்றி மறுபடி ஓடவிடுவார்கள். அதற்கு அங்கே இரண்டு கருவிகள். ஒன்று, வெடுக்கி எழுதிய டிபக்கர் என்கிற மென்பொருள், மடிக்கணினியில் ஓடுவது. இன்னொன்று, அண்ணன் செய்த பெட்டி. செங்கல் அளவு இருக்கும். நேராகச் சிப்பில் செருகி, அதன் நெற்றியில் இருக்கும் சிறு திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

சிப்பு செய்தவன் தன் அறைகளைச் சைபரிலிருந்து எண்ணியிருந்தான். வெடுக்கியின் டிபக்கரும் அப்படியே எண்ணியது. அண்ணனுடைய பெட்டி அதற்கு முன்னால் இருந்த பழைய சிப்புக்காகப் பிறந்தது. அந்தச் சிப்பில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து. புதுச் சிப்பு வந்தபோது அண்ணன் பெட்டிக்குள்ளே எல்லாவற்றையும் மாற்றினான், பெயர்களை மட்டும் தொடவில்லை. ஆகவே டிபக்கரில் ஆர் ஆறு என்றால் வேகம். பெட்டியில் ஆர் ஆறு என்றால் அதற்கு முந்தின அறை, தகட்டுக் கணக்கு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் எழுதிவைத்துவிட்டு, தபால்காரனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வது மாதிரி.

அன்று காலையில் இயந்திரத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்தால் மறுபடி எண்ணெய் சூடேற அரைநாள் ஆகும், வாங்க வந்தவர் வாசலில் நிற்கிறார், அணைக்கவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புருஷன் சிப்பை நிறுத்தினார். வேகத்தைச் சைபராக்கிவிட்டு ஓடவிட்டால் கை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கும், நெட்டை உள்ளே கைவிட்டுத் தகடு ஓடும் தடத்தை நேராக்கலாம் என்பது ஏற்பாடு. ஆர் ஆறில் சைபர் போட்டார். சைபர் என்று காட்டியது. "விடவா?" என்று கேட்டார். "விடுங்கண்ணே" என்றான் நெட்டை. வேகம் பக்கத்து அறையில் அப்படியே இருந்தது. கை இறங்கிவிட்டது.

அடுத்த வாரமே விசாரணை என்று ஒன்று நடந்தது. மேனேஜர் தலைவர். கருவி விவரம் தெரிந்தவர் என்று உட்காரவைக்கப்பட்டவன் அண்ணன். கருவிகளில் கோளாறு இல்லை, இயக்கியவர் கவனக்குறைவாக வேறு ரிஜிஸ்டரை மாற்றிவிட்டார் என்று முடிவு. புருஷன் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

"போட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார் அவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரமாகக் குவித்திருந்தார். ஒன்றும் வாய்க்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு காற்றும் இல்லை. கொடியில் போட்ட துணி, ஆணி அடித்தது போல் தொங்கியது.

"எதுக்குப் போடணும்? நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"என் விரல்தானே அழுத்துச்சு."

"உங்களுக்கு ஆறுன்னு சொல்லிக்குடுத்தது யாரு? ஆபீஸ். கொட்டகையில எல்லாரும் டிபக்கர் பேர்லதான் பேசுறோம். அந்தப் பேரை எடுத்துட்டு எவன் பெட்டிகிட்ட போனாலும் இதுதான் நடக்கும். இன்னைக்கு நீங்க, நாளைக்கு வேற ஒருத்தன்."

"தெரியும்ல உனக்கு?" அவர் தலையை நிமிர்த்தினார். குரல் உயரவில்லை. "ரொம்ப நாளா தெரியும்ல? உங்க அண்ணனுக்கும் தெரியும். அவர் எண்ணுறது சரியா, நீ எண்ணுறது சரியான்னு ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தீங்க. உன் திரையில பக்கத்துலயே, பெட்டியில இதுக்கு இன்ன பேருன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே. போட்டியா?"

"என்னுது சரியான பேரு. நான் எதுக்கு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதான். ரெண்டு பேருக்கும் பத்து விரலும் இருக்கு" என்றார் அவர். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பேசியதில்லை. சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்தில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புருஷன்மேல் கொஞ்சம், தன்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த அண்ணன்மேல். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தார் இளகி, வைத்த அடியெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் வீட்டில் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மின்விசிறிக்கடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. இந்த வெயில்ல ஏன் நடந்து வர்றே? சாப்பிட்டியா?"

"சாப்பிட வரலைம்மா. உன் பிள்ளை எங்க?"

அண்ணன் உள்ளேயிருந்து பனியனோடு வந்தான். முகத்தைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. "ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வராத" என்றான்.

"நீதான் கொண்டு வந்த. எம் புருஷன் வீட்டுல சோறு தண்ணி இல்லாம கெடக்கறார்."

"மாப்பிள்ளை மேல எனக்கென்ன கோவமா? வேலை போகாது. மேனேஜர்கிட்ட பேசி வச்சிருக்கேன். ஒரு கையெழுத்து, கொஞ்ச நாள் வேற பிரிவு, அவ்வளவுதான். இதுக்குமேல என்ன செய்யணும்?"

"உண்மையைச் சொல்லணும்."

"என்ன உண்மை? பெட்டி என்ன தப்பு பண்ணுச்சு? ஆறுல போடுன்னாரு, ஆறுல போட்டுச்சு."

"எந்த ஆறு?"

"என் ஆறு."

"சிப்புல அந்த ஆறு எங்க இருக்கு? சிப்பு செஞ்சவன் புத்தகத்துல அது அஞ்சு. உலகத்துக்கே அஞ்சு. உனக்கு மட்டும் ஆறு."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்த வாதத்தை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்தவன் மாதிரி நிதானமாகப் பேசினான். "உனக்கு உன் திரை மட்டும்தான் தெரியும். பழைய சிப்பு போட்ட இயந்திரம் இன்னும் எத்தனை ஊர்ல ஓடுது தெரியுமா? அங்க இருக்கறவன் எல்லாம் என் பெட்டியை வச்சு ஒண்ணுல இருந்து எண்ணிப் பழகினவன். நான் இன்னைக்குப் பேரை மாத்தினா, நாளைக்கு அவன் கை போகும். அதுக்கு யார் பொறுப்பு? நீயா?"

"பழைய சிப்பைச் செருகினா பழைய பேரு, புதுசைச் செருகினா புதுப் பேரு. செருகினதும் நீ எந்தச் சிப்புன்னு பெட்டியே கேட்டுத் தெரிஞ்சுக்குதே, அப்புறம் என்ன கஷ்டம்? இதை நான் கூட்டத்துலயே சொன்னேன். என்ன சொன்ன அன்னைக்கு? ஞாபகம் இருக்கா?"

அண்ணன் பனியன் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"'எந் தங்கச்சி எனக்குப் பேர் வைக்கக் கத்துக்குடுக்க வந்துட்டா'ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. மேனேஜர் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். அதோட முடிஞ்சு போச்சு. உன் வாய்ல இருந்து வந்த அந்தச் சிரிப்புலதான் நெட்டை விரல் போச்சு."

"ஏய், போதும்" என்றாள் அம்மா, கத்தியைக் கீழே வைத்து. "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. கூடப் பொறந்தவன் பேர் கெட்டுப்போகும்னு ஒரு துளிகூட உனக்குப் பதைக்கலையா?"

"பதைக்குதும்மா. அதனாலதான் கூடத்துல நின்னு பேசறேன். இல்லேன்னா தெருவுல நின்னு பேசியிருப்பேன்."

அண்ணி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். கதவைச் சாத்தினான், ஓங்கிக்கூடச் சாத்தவில்லை. அந்த மெல்லிய சத்தம் வெடுக்கிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா வேறு எதுவுமா என்று கேட்க வெடுக்கிக்கு மனசில்லை.

கையெழுத்துப் போடவேண்டிய நாளுக்கு முந்தின நாள் கொட்டகைக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. கருவிப் பிரிவில் பராமரிப்புக்கு என்று வாங்கிப்போன பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. மறுநாள் காலை புருஷன் கணக்குப் பார்த்து அடுக்கும்போது, பழக்கதோஷத்தில் ஒன்றைச் சிப்பில் செருகிப் பார்த்தார். திரையில் முதல் வரி ஆர் சைபர். ஆறில் வேகம் இருந்தது. பக்கத்தில் இருந்த பழைய இயந்திரம் ஒன்றில் செருகினார். ஆர் ஒன்றிலிருந்து எண்ணியது. வெடுக்கி சொன்ன அதே மாதிரி, அச்சு அசலாக.

யாரும் அறிவிக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை இல்லை, யாரையும் கூப்பிட்டு இனிமேல் இப்படி என்று சொல்லவில்லை. நேற்றுவரை ஒரு அறைக்கு இருந்த பெயர் இன்று காலை வேறு அறைக்கு இருந்தது, அவ்வளவுதான். நேற்றைய பழக்கத்தில் எவனாவது கை வைத்திருந்தால் இன்னொரு விரல் போயிருக்கும்.

வெடுக்கி அன்று தன் மேசையில் உட்கார்ந்து, டிபக்கரில் பெட்டியின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. கொட்டகைச் செருப்போடு, எண்ணெய்க் கையோடு அவர் உள்ளே வந்தார். முன்கட்டிடத்துக்கு அவர் வருவதே அபூர்வம். வந்தாலும் வாசலில் நின்று கூப்பிட்டுவிடுவார். இன்று அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அண்ணன் மேசைக்குப் போய், அவன் முன்னால் பெட்டியை வைத்தார். மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"மச்சான்" என்றார். "தப்பு என்னோடதுதானே?"

"மாப்பிள்ளை, வாங்க, உக்காருங்க. இங்க வச்சு வேணாம்."

"தப்பு என்னோடதுன்னா இதை ஏன் மாத்துனீங்க?"

அண்ணன் பெட்டியைப் பார்த்தான்.

"நான் ராத்திரியெல்லாம் கண்ணை மூடினா அந்தக் கை இறங்குது. சைபர்னு பாத்தோமா, பாக்கலையா, நான்தான் சரியாப் பாக்கலையோன்னு என்னை நானே சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடக்கறேன். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு. நீங்க இங்க உக்காந்து சத்தமில்லாம சரி பண்ணி, டப்பாவுல போட்டு அனுப்பறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மச்சான்? 'நீ சரியாத்தான் பாத்த, மாப்பிள்ளை'ன்னு? ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிற மனுஷன் என்று அவரை எல்லாரும் கேலி செய்வார்கள். அந்த மனுஷன் இன்று எல்லார் முன்னாலும் நின்று கேட்டார். மேனேஜர் தன் அறைக் கதவில் வந்து நின்று, நிலவரத்தைப் பார்த்து மறுபடி உள்ளே போய்விட்டார்.

"நான் கையெழுத்துப் போடலை" என்றார் புருஷன். திரும்பி நடந்தார். எண்ணெய்ச் செருப்பின் தடம் வெள்ளைத் தரையில் கதவுவரைக்கும் விழுந்தது.

வெடுக்கி எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். அவனைத் திட்ட நிறைய வைத்திருந்தாள். எதுவும் வேண்டியிருக்கவில்லை. "நெட்டை வீட்டுக்கு வந்துட்டான். சாயங்காலம் நான் போறேன். நீயும் வர்றே" என்றாள்.

அவன் வந்தான். வருவான் என்று அவள் முழுசாக நம்பவில்லை. கையில் ஒரு பழப்பை.

நெட்டை வீடு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் இப்போது கக்கிக்கொண்டிருந்தது. நெட்டை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கை ஒரு தலையணைமேல் இருந்தது. அவன் பெண்டாட்டி, எட்டு மாசக்காரி, நாற்காலி ஒன்றைத் துடைத்து அண்ணனுக்குப் போட்டாள். அண்ணன் உட்காரவில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு சார். போனதுதான் வலிக்குது, இருக்கறது மரத்துக்கிடக்கு. டாக்டர் அப்படித்தான் இருக்கும்னார்."

அண்ணன் பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். அப்புறம் சொன்னான், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "மாப்பிள்ளை தப்பு இல்லப்பா அது. பெட்டியில பேரு மாறியிருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். மாத்தியிருக்கணும். மாத்தலை."

நெட்டை கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி, "தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சா மாத்த எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று கேட்டான் நெட்டை.

வெடுக்கி அண்ணனைப் பார்த்தபடியே நின்றாள். அவனுக்காக அவள் பதில் சொல்லப்போவதில்லை.

"ஒரு நாள்" என்றான் கடைசியில். "ஒரு நாள்கூட ஆகலை."

நெட்டை தலையை ஆட்டினான். "சரி. இதை என்கிட்ட சொல்லி என்ன சார் பண்ண? எனக்கு மேனேஜர் தெரியாது, ஆபீஸ் தெரியாது. நானும் என் பங்குக்கு உங்க மாப்பிள்ளையைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன், பாவம் அந்த மனுஷன். நீங்க சொல்லவேண்டிய இடம் இது இல்ல." இடது கையால் தலைமாட்டில் துழாவினான். கைபேசி அகப்பட்டது. அதை நீட்டினான். "இங்க இருந்தே சொல்லுங்க. நான் கேக்கணும்."

"நாளைக்குக் காலையில நேர்லயே…"

"இப்பவே சார்."

நீட்டிய கை இறங்கவில்லை. அண்ணன் பழப்பையைத் தரையில் வைத்தான். கைபேசியை வாங்கினான். எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினான். சத்தமாக வைக்கச் சொன்னாள் வெடுக்கி. வைத்தான்.

மேனேஜர் குரல் வந்தது. அண்ணன் சொன்னான். முதலில் சுற்றி வளைத்தான். நெட்டை முகத்தைப் பார்த்ததும் நேராகச் சொன்னான். மேனேஜர், "இதெல்லாம் போன்ல வேணாம், நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். "இல்ல சார், எழுதிக்குங்க. தங்கச்சி கூட்டத்துல சொன்னா, நான் சிரிச்சேன், நீங்களும் சிரிச்சீங்க. அதையும் எழுதிக்குங்க" என்றான் அண்ணன். அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

பிற்பாடு நடந்ததைச் சொல்லிவிடலாம். அறிக்கை மாறியது. கருவிகளுக்குள் பெயர் ஒத்துப்போகாததே காரணம் என்று எழுதினார்கள். அண்ணனுக்குத் தலைமைப் பதவி போயிற்று. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர்களுக்கு எங்கேயும் ஒன்றும் ஆவதில்லை. புருஷன் அதே சோதனைப் பிரிவில்தான் இருக்கிறார். ஆனால் எந்த இயந்திரத்திலும் யாராவது கைவிட்டால் இப்போது முதலில் மெயின் சுவிட்சுக்கு நடந்துபோய் அணைத்துவிட்டு வருகிறார். அரைநாள் போனாலும் போகட்டும் என்கிறார். அவரை யாரும் தடுப்பதில்லை.

அன்று நெட்டை வீட்டிலிருந்து வெளியே வந்ததும் அண்ணன் தெருவோரக் குழாயில் முகத்தைக் கழுவினான். தண்ணீரும் வெந்நீராகத்தான் வந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"இப்ப ஆறுச்சா உனக்கு?"

அவள் யோசித்தாள். அவனை இவ்வளவு தளர்ந்து அவள் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. அம்மா சொன்ன அந்தச் சதை ஆடத்தான் செய்தது. ஆனால் அறைக்குள்ளே எட்டு மாசக்காரி, ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து நெட்டைக்கு ஊட்டத் தொடங்கியிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் விடாமல் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இல்ல" என்றாள் வெடுக்கி. "ஆறல."

இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் போகவேண்டும். அவன் நடந்தான். அவள் பத்தடி விட்டு, பின்னால் நடந்தாள்.